மாற்றும் மூத்தும்: பொன்னின் தரம் காணும் அறிவு கடல் கடந்த வரலாறு

மலாக்கா நகரின் மேற்குப் புறத்தே அமைந்த தெங்கேராவின் பெயர் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. காவலுக்காக எழுப்பப்படும் அரண்வேலியைக் குறிக்கும் அவர்தம் சொல்லே மலாய் நாவில் தெங்கேரா என்று திரிந்தது. அங்கிருந்து நகர மையத்தை நோக்கி வருவோர் ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெருவை அடைவர். பொற்கொல்லர் தெரு என்பது அதன் பொருள். 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அத்தெருவில் உள்ளன. அக்கோயில் மலாக்காச் செட்டி சமூகத்தாருக்கு உரியது. தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களாகிய அவர்கள் சைவ வழிபாட்டைக் காத்து வருகின்றனர். வீட்டில் பேசும் மொழியோ பல தலைமுறைகளாக மலாய்.

இத்தெருவின் பெயர் ஒரு தொழிலை நினைவூட்டுகிறது. அத்தொழிலின் நுட்பத்தை நினைவூட்டும் சொல் ஒன்று மலாய் மொழியிலேயே இருக்கிறது. மூத்து என்பதே அச்சொல். இன்றைய மலாயில் அதற்குத் தரம் என்று பொருள். தரக்கட்டுப்பாட்டைக் 'கவாலான் மூத்து' என்பர்; உயர்ந்த தரமுடையதைப் 'பெர்மூத்து திங்கி' என்பர். மலாய் அகராதிகள் இச்சொல்லின் பழைய பொருளையும் தருகின்றன. பொன்னின் தூய்மையை அளக்கும் படியே அப்பொருள். பொன்னின் தரத்தைச் சுட்டும் 'மாற்று' என்னும் தமிழ்ச் சொல்லே மலாயில் மூத்து ஆயிற்று.

பண்பாடுகளுக்கு இடையே அறிவியல் பரிமாறப்பட்ட வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் நூல்களையும் அறிஞர்களையும் எடுத்துக்காட்டுவோம். இந்திய எண்முறை அரபு நாடுகளுக்குச் சென்று அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்த வரலாறு மாணவர் பலரும் அறிந்ததே. அறிவு பயணம் செய்த வேறொரு வழியும் உண்டு. அது துறைமுகத்தின் வழி, கடைத்தெருவின் வழி, தொழிலாளர் கைகளின் வழி. அவ்வழியில் சென்ற அறிவு நூல்களில் அருகியே பதிவாயிற்று. சொற்களிலும் கற்களிலும் தங்கியிருக்கிறது. மாற்றுக் காணும் கலையை எடுத்துக்கொண்டு அவ்வழியை இவ்வுரையில் ஆராய்வோம்.

உரைகல் செய்யும் வேலை

பொன் தூய நிலையில் மென்மையானது. அணிகலனுக்கும் நாணயத்துக்கும் உறுதி வேண்டி அதனோடு வெள்ளியையோ செம்பையோ கலப்பர். கலந்த அளவைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது அரிது. உருக்கிப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் பொருள் அழிந்துவிடும். கடைத்தெருவில் நின்று வாங்குபவருக்கு, பொருளை அழிக்காமல், சில நொடிகளில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முறையில் ஒரு சோதனை வேண்டும். அந்தத் தேவையை நிறைவேற்றியது உரைகல்.

உரைகல் கருமையான, நுண்மணிகளால் ஆன, கடினமான கல். அதன்மேல் பொன்னைத் தேய்த்தால் மெல்லிய கீற்று ஒன்று படியும். அக்கீற்றின் நிறம் கலப்பைக் காட்டும். வெள்ளி மிகுந்தால் நிறம் வெளுத்துப் பசுமை தட்டும். செம்பு மிகுந்தால் சிவக்கும். ஒரு கீற்றைத் தனியே பார்த்து அதன் தரத்தைச் சொல்ல மனிதக் கண்ணால் இயலாது. அருகருகே இட்ட இரு கீற்றுகளுள் எது வெளுத்தது, எது சிவந்தது என்று சொல்ல இயலும். ஆகவே தரம் தெரிந்த பொன்முனைகளைக் கொண்ட ஊசிகளின் தொகுதி ஒன்றைப் பொற்கொல்லர் வைத்திருப்பர். அவ்வூசியைத் தமிழர் உரையாணி என்றனர். ஐயத்துக்குரிய பொன்னின் கீற்றுக்குப் பக்கத்தில் ஆணிகளின் கீற்றுகளை ஒவ்வொன்றாக இட்டு, எதனோடு பொருந்துகிறதோ அதுவே அப்பொன்னின் தரம் என்று முடிவு செய்வர். மிக உயர்ந்த தரத்தை ஆணிப்பொன் என்று நாம் வழங்குவதும் இம்முறையால்தான்.

இதனை அறிவியல் என்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை. அறியாத ஒன்றை அறிந்த ஒன்றோடு ஒப்பிடுதல், ஒப்பீட்டுக்கு நிலையான படிகளை வகுத்தல், யார் செய்தாலும் அதே முடிவு வருமாறு முறையை அமைத்தல் ஆகிய மூன்றும் இதில் உள்ளன. குறையும் உண்டு. கீற்று மேற்பரப்பை மட்டுமே காட்டும்; உள்ளே வேறு உலோகம் இருந்து மேலே பொன்முலாம் பூசியிருந்தால் கல் ஏமாந்துவிடும். அதற்கு மாற்றாக அடர்த்தி துணைசெய்யும். ஒரு கன சென்டிமீட்டர் பொன்னின் நிறை 19.3 கிராம், வெள்ளியின் நிறை 10.5 கிராம், செம்பின் நிறை ஏறத்தாழ 9 கிராம். கையில் ஏந்திப் பார்த்தே ஐயுறும் பழக்கம் தட்டாருக்கு இருந்ததன் காரணம் இதுவே.

யாருடைய கண்டுபிடிப்பு?

உரைகல்லைத் தமிழர் கண்டுபிடித்தனர் என்று நாம் சொல்லப் போவதில்லை. அரியானாவில் உள்ள பனாவலி என்னும் சிந்துவெளி நாகரிக ஊரில் பொற்கீற்றுகள் படிந்த உரைகல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் கற்களைப் பற்றிய தம் நூலில், இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டு ஆற்றில் கிடைக்கும் உரைகல்லை விளக்குகிறார். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கலிங்கத்திலும் தபதி ஆற்றிலும் கிடைக்கும் கற்களைச் சிறந்தவை என்கிறது. திருக்குறளில் கட்டளைக்கல் என்னும் பெயரால் அது உவமையாக வருகிறது. உவமை என்பது கேட்போர் அனைவரும் அறிந்த பொருளைக் கொண்டே அமையும்; ஆதலின் அக்காலத் தமிழர்க்கு உரைகல் நன்கு பழகிய பொருளாய் இருந்தது என்று கொள்ளலாம்.

முதலில் கண்டவர் யார் என்னும் வினாவைக் காட்டிலும் நமக்குப் பயன் தருவது வேறொரு வினா. கல் எங்கும் கிடைக்கும். பொன் எங்கும் மின்னும். ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எது? படிகளை வகுக்கும் முறையும் அப்படிகளுக்கு இட்ட பெயர்களும்தான். அவற்றில் தமிழரின் பங்கு என்ன என்பதற்குச் சான்று உண்டு.

தமிழகத்தின் அளவுமுறை

முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வழங்கப்பட்ட பொன்னையும் அணிகலன்களையும் வியத்தகு நுணுக்கத்துடன் பதிவு செய்கின்றன. நிறை, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அலகுகளால் சொல்லப்படுகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்பதும் சொல்லப்படுகிறது. ஆடவல்லான் என்பது அக்கல்லின் பெயர். நிறையோடு நில்லாமல் தரமும் பதிவாகிறது. தண்டவாணி என்னும் பெயருடைய தரநிலையைச் சுட்டி, அதனினும் இத்தனை மாற்றுக் குறைந்த பொன் என்று கல்வெட்டு பேசுகிறது. தண்டவாணி என்னும் சொல்லின் இறுதியில் நிற்கும் ஆணி நாம் மேலே கண்ட உரையாணியை நினைவூட்டுவது.

தமிழர் வழக்கில் கலப்பற்ற பொன் பத்தரை மாற்று உடையது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒருவரைப் புகழ்கிறோமே, அப்புகழ்ச்சி ஒரு காலத்தில் கணக்காக இருந்தது. மாணவர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம். இன்று நம் நாட்டு நகைக்கடைகளில் விற்கும் நகைகளில் 916 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பது அதன் பொருள். 22 காரட் என்பதும் அதுவே. இருபத்து நான்கு காரட்டுக்குப் பத்தரை மாற்று என நேர்விகிதமாகக் கொண்டால், 22 காரட் 9.625 மாற்று ஆகும். பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் இது ஒன்பதரையே அரைக்கால். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. 18 காரட் பொன்னோ 7.875 மாற்று, அதாவது ஏழே முக்காலே அரைக்கால். பதின்மப் புள்ளி இல்லாத காலத்தில் தட்டார் இக்கணக்கை மனத்தாலேயே போட்டனர். நம் பின்ன வாய்பாடு எதற்குப் பயன்பட்டது என்று கேட்கும் மாணவனுக்கு இது தக்க விடையாகும்.

கடலுக்கு அப்பால்

தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்னும் தொல்லியல் இடம் உள்ளது. கண்ணாடி மணிகள் மிகுதியாகக் கிடைத்த இடம் அது. அங்குக் கண்டெடுத்த சிறிய நீள்சதுரக் கல் ஒன்று குளோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அக்கல் ஓர் உரைகல். அதன்மீது தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர்கள் அதனைக் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது எனக் கணித்துள்ளனர். பெரும்பத்தனுடைய கல் என்பது பொருள். பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கு இன்றும் தமிழில் உண்டு. மன்னர் பெயரோ கடவுள் பெயரோ அக்கல்லில் இல்லை. ஒரு தொழிலாளி தன் கருவியில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு, நம் தீபகற்பத்தின் வடபகுதியில், தமிழறிந்த ஒருவர் பொன்னை உரைத்துப் பார்த்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கடல்வழியில் தமிழ் வணிகர் குழுக்கள் பின்னரும் இயங்கின. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அதனை நிறுத்தினர். அத்துறைக்கு வரும் கப்பலார் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அது பேசுகிறது. கட்டணம் பொன்னாக வரும் இடத்தில் பொன்னின் தரம் காண்பவரும் இருந்தாக வேண்டும். தரம் காண்பவர் சொல்வதைத் தமிழர் அல்லாத கப்பலாரும் நம்பியாக வேண்டும். அந்நம்பிக்கை பிறக்க, சோதனை கண்முன்னே நடக்க வேண்டும். முறை மற்றவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். வணிகத் தேவையே இவ்வாறு ஆசிரியராக மாறியது.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா எழுந்தபோது இத்தேவை பன்மடங்காயிற்று. சுமத்திராவின் மினாங்கபாவிலிருந்தும் பகாங்கிலிருந்தும் பொன் வந்தது. 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய பின் இங்கு வாழ்ந்த தோமே பீரிஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். நான்கு துறைமுகத் தலைவர்கள் வெவ்வேறு நாட்டு வணிகரைக் கவனித்தனர் என்றும் அவர் குறிக்கிறார். அவ்வணிகருள் கிளிங்கர் எனப்பட்ட தமிழ் வணிகர் செல்வாக்கு மிக்கவர்களாய் இருந்தனர். குசராத்தியரும் சாவகரும் சீனரும் ஒரே சந்தையில் நின்றபோது பொன்னின் தரத்தைச் சொல்ல அனைவர்க்கும் பொதுவான ஒரு சொல் வேண்டியிருந்தது. கடைக்குக் கெடாய் என்றும் கப்பலுக்குக் காப்பால் என்றும் தமிழிலிருந்து சொல் பெற்ற மலாய் மொழி, பொன்னின் மாற்றுக்கும் அவ்வாறே பெற்றுக்கொண்டது.

ஒரே விதை, இரு பெயர்

பெற்றுக்கொண்ட மலாயர் அறியாதவர்களாய் இருந்தவர் அல்லர். அவர்களுக்கெனப் பொன் நிறுக்கும் முறை இருந்தது. பன்னிரண்டு சாகா ஒரு மாயம். பதினாறு மாயம் ஒரு பொங்கால். பன்னிரண்டு பொங்கால் ஒரு காத்தி. சாகா என்பது செந்நிற விதை. நம் பள்ளித் திடல்களில் மழைக்குப் பின் உதிர்ந்து கிடக்கும் சாகா விதையை எடுத்து விளையாடாத மலேசியச் சிறுவர் அரியர். அம்மரத்தின் தமிழ்ப் பெயர் மஞ்சாடி. தஞ்சைக் கல்வெட்டில் பொன் நிறுத்த மஞ்சாடியும், மலாய்ப் பொற்கொல்லர் நிறுத்த சாகாவும் ஒரே மரத்தின் விதையே.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியில் ஒரு பொங்கால் என்பது இரண்டு ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் நிறை. ஏறத்தாழ 54 கிராம். அதில் 192 சாகா அடங்கும். ஆகவே ஒரு சாகா 0.28 கிராம். கழஞ்சு 5 கிராமுக்குச் சற்று மிகுந்தது என்பது பொதுவான மதிப்பீடு. அதன் இருபதில் ஒரு பங்காகிய மஞ்சாடி 0.26 கிராம் அளவில் அமையும். நாடும் நூற்றாண்டும் வேறாயினும் இரண்டும் மிக அருகில் நிற்கின்றன. தமிழ் வணிகரும் மலாய் வணிகரும் தராசின் முன் சந்தித்தபோது, ஒருவர் மொழியை மற்றவர் அறிவதற்கு முன்பே, இருவர் கையிலும் ஒரே விதை இருந்தது. பொதுவான அடித்தளம் இருக்கும் இடத்தில்தான் புதிய அறிவு வேரூன்றும்.

அளவுகள் பல

ஒவ்வொரு பண்பாடும் பொன்னின் தூய்மைக்குத் தனக்கெனப் படிகள் வகுத்தது. அக்பரின் அரசவையில் இருந்த அபுல் ஃபசல், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அயினி அக்பரியில், பாரசீகர் தூய பொன்னைப் பத்துப் படியாகவும் இந்துஸ்தானத்தார் பன்னிரண்டு படியாகவும் கொள்வதாகக் குறித்து, ஊசிகளைக் கொண்டு தரம் காணும் முறையையும் விளக்குகிறார். 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் உலோகவியல் நூல், ஐரோப்பியச் சோதனையாளர் பயன்படுத்திய 24 ஊசிகளைப் பேசுகிறது. முறை ஒன்றே; எண்கள் வேறு. நாம் இன்று வழங்கும் காரட் என்னும் சொல்லும் ஒரு விதையின் பெயரே. நடுநிலக்கடற்கரையில் விளையும் கரோப் மரத்தின் விதைக்குரிய கிரேக்கப் பெயர், அரபியில் கீராத் ஆகி, ஐரோப்பிய மொழிகளில் காரட் ஆயிற்று. உரோமப் பேரரசின் பொன் நாணயம் அவ்விதை நிறையில் 24 கொண்டது. 24 காரட் என்னும் எண் அதன் எச்சம்.

மலாயர் நம் சொல்லைப் பெற்றபோது நம் எண்ணை அப்படியே பெறவில்லை. அவர்கள் வழக்கில் தூய பொன் பத்து மூத்து. பத்தரையில் அரை நீங்கி முழு எண்ணாயிற்று. பின்னர் அச்சொல் பொன்னை விட்டும் விரிந்தது. துணியின் தரம், கல்வியின் தரம், நூலின் தரம் எல்லாம் மூத்து ஆயின. அறிவைப் பெறுவோர் அதைத் தம் தேவைக்கேற்ப வளர்த்துக்கொள்வர். வளர்ந்த பின் அது அவர்களுடையதே. அரபியரின் கீராத்தும் ஐரோப்பியரின் ஆயிரத்துக்கு இத்தனை பங்கு என்னும் கணக்கும் இன்று நம் கடைகளில் நம்முடையனவாக வழங்குவதைப் போன்றதே இது. நாம் கொடுத்ததை மட்டும் எண்ணிப் பெருமை கொள்வதும், பெற்றதை மட்டும் எண்ணித் தாழ்வு கொள்வதும் வரலாற்றின் பாதியையே காட்டும்.

சொல் வாழும் இடம்

இன்று எக்ஸ் கதிர்க் கருவி சில நொடிகளில் பொன்னின் பங்கை எண்ணாகக் காட்டிவிடுகிறது. உரைகல் அருகி வருகிறது. அதில் வருந்த ஒன்றுமில்லை. நல்ல கருவி வந்தால் பழைய கருவி விலகுவது இயல்பு. வருந்த வேண்டியது வேறொன்று உண்டு. இன்றைய தமிழ் மாணவரிடம் மாற்று என்றால் என்ன என்று கேட்டால், ஒன்றுக்குப் பதிலாக அமையும் மற்றொன்று என்பார். பொன்னின் தூய்மையை அளக்கும் அலகு என்னும் பொருள் பழமொழி அளவில் நின்றுவிட்டது. அதே சொல்லை மலாய் மொழி தொழிற்சாலையிலும் ஆய்வுக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் வழங்கி வருகிறது. தமிழ் பேச்சை இழந்த மலாக்காச் செட்டி குடும்பத்தார், தாம் பேசும் மலாயில் மூத்து என்று சொல்லும்போது, தம் முன்னோரின் தொழிற்சொல்லையே சொல்கின்றனர். மொழி மறைந்த வீட்டிலும் அறிவுச்சொல் வேறு உருவில் தங்கியிருக்கிறது.

ஒரு மொழியில் அறிவு வாழ வேண்டுமானால் அம்மொழியில் அளக்கவும் கணக்கிடவும் சரிபார்க்கவும் வேண்டும். புகழ்மொழியாக மட்டும் நின்ற சொல் நாளடைவில் பொருளை இழக்கும். ஆகவே ஆசிரியர்க்கு எளிய செயற்பாடு ஒன்றைக் கூறி இவ்வுரையை நிறைவு செய்கிறோம். சாகா மரம் உள்ள திடலில் மாணவர்கள் 100 விதைகளைப் பொறுக்கட்டும். பள்ளி அறிவியல் கூடத்துத் தராசில் அவற்றை மொத்தமாக நிறுத்து, நூறால் வகுத்து, ஒரு விதையின் சராசரி நிறையைக் காணட்டும். பிறகு பத்து விதைகளைத் தனித்தனியே நிறுத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று குறிக்கட்டும். கிடைத்த சராசரியை நாம் மேலே கணக்கிட்ட 0.26, 0.28 கிராம்களோடு ஒப்பிடட்டும். பின்னர் வீட்டிலுள்ள நகையில் பொறித்த எண்ணைப் பார்த்து அதனை மாற்றாகவும் மூத்தாகவும் மாற்றிக் கணக்கிடட்டும்.

மலாய் மாணவரும் சீன மாணவரும் உடன் அமர்ந்திருந்தால் இன்னும் நன்று. அவரவர் வீட்டில் பொன்னை நிறுக்க வழங்கும் அலகு எது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். பெரும்பத்தன் தன் கல்லை ஊன்றி அமர்ந்திருந்த சந்தையிலும் இக்கேள்வியே எழுந்திருக்கும்.